சுத்திக்கினே கீது: பில் பட்டனும் இரண்டு தீபாவளியும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் துணிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். அதன் ‘பில் போடு’ பட்டனில், வேலை நடக்கிறது என்று காட்டச் சுழலும் சக்கரத்தைச் சேர்த்து இரண்டு தீபாவளி தாண்டிவிட்டது. அதற்கு முன்பு பட்டனைத் தொட்டால் திரையில் ஒரு அசைவும் இருக்காது. மூன்று நொடி கழித்துத்தான் பில் வரும். பண்டிகைக் கூட்டத்தில் கல்லாவில் இருக்கும் அக்கா அதுவரை பொறுப்பாரா? படபடவென்று நாலு தடவை அழுத்துவார். ஒரு சுடிதாருக்கு நாலு பில், ஸ்டாக்கிலும் நாலு குறையும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது எனக்கு போன் வரும்.

சக்கரம் வந்ததும் தொல்லை பாதியாகக் குறைந்தது. மீதி ஏன் போகவில்லை என்று கடையிலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் சுற்றும்போதும் பட்டன் அழுந்திக்கொண்டுதான் இருந்தது. பூட்ட மறந்திருக்கிறேன்! பூட்டினேன். கூடவே ஒவ்வொரு பில்லுக்கும் திரையிலேயே ஒரு தனி எண் உருவாக்கி அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பில்லையே திருப்பித் தரும்படி மாற்றினேன். உண்மையில் இரட்டை பில்லை ஒழித்தது இந்த வேலைதான்.

இன்னொரு கூத்து. சுழலும்போது எழுத்தை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் வைத்திருந்தேன். பட்டன் சுருங்கியது, பக்கத்தில் இருந்த ‘ரத்து’ நகர்ந்து சரியாக அக்காவின் விரலுக்கடியில் வந்து நின்றது. இப்போது அகலம் மாறாது, ‘பில் போடுகிறது’ என்ற எழுத்தும் கூடவே இருக்கும்.

நேரக் கணக்குக்கு, மென்பொருளை எளிதாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் சொன்ன அளவுகளே இன்றும் கைகொடுக்கின்றன. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 நொடி வரை நினைப்பு அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். அதனால் 0.3 நொடி கழித்துத்தான் சக்கரத்தைக் காட்டுகிறேன். இல்லையென்றால் பதில் சீக்கிரம் வரும்போது சக்கரம் மின்னி மறைந்து எரிச்சலூட்டும். 10 நொடி ஆனால் சக்கரத்தை நிறுத்திவிட்டு, நிலவரத்தை எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

கடைக் கணினி பழசு. முதலில் மற்ற வேலைகளையும் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலிலேயே சக்கரத்தைச் சுழற்றியதால், ஸ்டாக் பட்டியல் ஏறும்போது சக்கரமே உறைந்து நின்றது. பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் டிரான்ஸ்ஃபார்ம் வசதிக்கு மாற்றிய பிறகு தடங்கல் இல்லை.

பேனர் விஷயத்தில் நான் தோற்றேன். மழைக்கு நெட் போனால் திரையின் மேலே ஒரு பேனர் பட்டையில் ஆரஞ்சுக் கோடுகள் ஓடும்படி செய்திருந்தேன். ஒரு மழை வாரம் முழுக்க ஓடியது. “இன்னா தம்பி, சுத்திக்கினே கீது, ஓடிக்கினே கீது, கண்ணு வலிக்குதுப்பா” என்றார் அக்கா. போய்ப் பார்த்தால் பேனர் மேல் வரிசையாக விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்! தானாக ஆரம்பித்து 5 நொடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று, இணையப் பக்கங்களை எல்லோரும் சிரமமின்றிப் பயன்படுத்துவதற்கான வலை அணுகல் விதிகளில் படித்தது அப்போதுதான் உறைத்தது. இப்போது கோடுகள் மூன்று நொடி ஓடி நின்றுவிடும், ‘நெட் இல்லை, 7 பில் காத்திருக்கிறது’ என்ற வரி மட்டும் தங்கும். அசைவைக் குறைக்கும்படி கணினியில் அமைத்திருந்தால் அந்த மூன்று நொடியும் கிடையாது.

ஒரு குறை பாக்கி. சர்வர் பதில் வந்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது, காகிதம் வர இன்னும் இரண்டு நொடி ஆகிறது. அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை, பிரிண்டர் சத்தத்துக்குத்தான் காது கொடுக்கிறார். சரி, சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று இந்த வாரம் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.