ஒப்புரவாகுதல் வகுப்பு: ஒரு மதிப்பீடு

மனந்திரும்புதலைப் பற்றிய பிரசங்கங்களுக்குச் சபைகளில் குறைவில்லை. ஆனால் பிறருக்கு இழைத்த தீங்கை எவ்வாறு ஈடுசெய்வது என்று படிப்படியாகக் கற்றுத்தரும் வகுப்புகள் அரிது. அத்தகைய வகுப்பு ஒன்றில் அண்மையில் பங்கேற்றேன். பெரும்பகுதி மிக நன்றாக அமைந்திருந்தது. இறுதி அமர்வைப் பற்றி மட்டும் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு.

வேதபாடம், அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித்தருவதாக இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவனான சகேயுவிடம் தொடங்காமல், பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பித்தர வேண்டும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித்தர வேண்டும் என்கிறது அந்தப் பகுதி. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்திலும் பறித்த பொருள் உரியவனிடம் சேர்ந்த பிறகே குற்றநிவாரண பலி பேசப்படுகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது இதே வரிசைதான் என்பதை நடத்துநர் எடுத்துக்காட்டியபோது, பலமுறை கேட்ட வசனம் புதிய கனத்தோடு வந்து நின்றது. சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, செலுத்துவதாகச் சொன்னபோது, ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும் என்ற அளவை அவன் எவ்வளவு தாண்டிப்போனான் என்பதையும் அதன் பிறகே உணர முடிந்தது. இரட்சிப்பை விலை கொடுத்து வாங்குவதற்காக அல்ல, இயேசு தன் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில்தான் அவன் அப்படிச் செய்தான் என்பதை நடத்துநர் வலியுறுத்தியது மிக அவசியமான விளக்கம்.

வகுப்பின் உயிர்நாடி கடிதப் பயிற்சி. கையேட்டில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது: தங்கைக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கைத் தராமல் வைத்துக்கொண்ட அண்ணன் எழுதுவதாக அமைந்தது. கடன் நெருக்கடி, பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் நோய் என்று பாதிப் பக்கம் ஓடிய பிறகுதான் பங்கைப் பற்றிய பேச்சே வருகிறது. நடத்துநர் அந்தப் பாதிப் பக்கத்தைக் கோடிட்டு அடித்துவிட்டு, "இதெல்லாம் அண்ணன் பட்ட கஷ்டம். தங்கச்சி பட்டது எங்கே?" என்று கேட்டார். திருத்திய கடிதத்தில் எடுத்துக்கொண்டது என்ன, அதனால் தங்கை இழந்தது என்ன, எதை எப்போது திருப்பித் தரப்போகிறேன் என்பவை மட்டுமே எஞ்சின. "என்னை மன்னித்துவிடு" என்ற வேண்டுகோளைக்கூட நீக்கச் சொன்னார், ஏனெனில் அது பாதிக்கப்பட்டவர்மேல் மற்றொரு பாரத்தைச் சுமத்துகிறது. முதலில் இது மிகையாகத் தோன்றினாலும், யோசிக்க யோசிக்க நியாயமாகவே பட்டது.

நேரில் போவது எதிராளியை மேலும் காயப்படுத்துமா என்று ஆராயும் பகுதியும் கவனமாக எழுதப்பட்டுள்ளது. மது அடிமைத்தனத்திலிருந்து மீள்வோருக்கான பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது படி, பரிகாரம் செய்வதே தீங்காகும் இடங்களை விலக்கிவைப்பதை அது பொருத்தமாக எடுத்துக்காட்டுகிறது.

இவ்வளவு கவனத்தோடு நடந்த வகுப்பு, இறுதி அமர்வில் பங்கேற்றோரைத் தாங்கள் ஒப்புரவான அனுபவத்தைச் சபைமுன் சாட்சியாகச் சொல்ல அழைத்ததுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாட்சி சொல்பவர் கைதட்டலும் கண்ணீரும் பெறுகிறார். அநீதிக்கு ஆளானவரோ அந்த அரங்கில் இல்லை, தன் வேதனை பொதுவில் பேசப்பட அவர் சம்மதித்தாரா என்று எவரும் கேட்கவும் இல்லை. அவரைக் கேட்காமல் சொல்லப்படும் சாட்சி, அவரிடமிருந்து இன்னொன்றை எடுத்துக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது. கர்த்தருக்கு மகிமை சேர்க்கும் நோக்கத்தில் நடத்தப்பட்டாலும், அதுவரை கற்பித்ததை இந்த அமர்வு கலைத்துவிடுகிறது.

திருப்பித்தர வசதியற்றவர்களுக்கான வழிகாட்டல் சுருக்கமாக முடிந்துவிட்டது. ஒநேசிமு என்ற அடிமையின் கடனைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதியதைக் கொண்டு, சபையே அவர்களுக்குத் தோள்கொடுப்பதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கலாம்.

இந்தக் குறைகளோடும் இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடுத்த முறை சாட்சி அமர்வை விலக்கிவிட்டு, அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வராதபோதும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது எப்படி என்பதற்கு அந்த நேரத்தை ஒதுக்குமாறு நடத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.