எம்விபி வாக்குகளைப் பார்க்க ஒரு நல்ல பக்கம்: பேஸ்போல் ரெஃபரன்ஸ்

கிரிக்கெட்டில் தொடர் நாயகன் பெயரை அறிவிப்பார்கள்; யார் யாருக்கு எவ்வளவு ஆதரவு இருந்தது என்பது அநேகமாக வெளியில் வராது. அமெரிக்கப் பேஸ்போலின் எம்விபி விருதில், அதாவது பருவத்தின் மிகப் பெறுமதியான வீரர் விருதில், ஒவ்வொரு புள்ளியும் பகிரங்கம். அந்தப் புள்ளிகளை ஆண்டுவாரியாகப் பார்க்க, காசு கட்டாமல் கிடைப்பவற்றில் பேஸ்போல் ரெஃபரன்ஸ் தளத்தின் விருது வாக்குப் பக்கத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. கொழும்பில் கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் முதலில் திறக்க வேண்டியதும் அதுதான்.

வாக்களிப்பு முறை தெரிந்தால்தான் அட்டவணை பேசும். அமெரிக்கன், நஷனல் என இரண்டு லீக்; ஒவ்வொன்றுக்கும் தனி விருது. ஒரு லீக்குக்கு 30 பத்திரிகையாளர்கள். ஒவ்வொருவரும் 10 பெயர்களை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, பிறகு 8, 7 என்று இறங்கி பத்தாமிடத்துக்கு 1. வாக்குச்சீட்டு, வழமையான பருவத்துக்குப் பின் நடக்கும் பிளேஓஃப் சுற்றுகள் தொடங்குமுன் போய்விடும். ஆகவே இறுதிச் சுற்றான உலகத் தொடரில் ஒருவர் எவ்வளவு வெளுத்து வாங்கினாலும் இந்த விருதுக்கு அது சேராது.

2025 அமெரிக்கன் லீக் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஆரன் ஜட்ஜ் 355 புள்ளி, கால் ராலி 335. முதலிட வாக்குகள் 17க்கு 13. பதினேழைப் பதினாலால் பெருக்கினால் 238, பதின்மூன்றை ஒன்பதால் பெருக்கினால் 117; கூட்டினால் 355. முப்பது பேரும் இவர்கள் இருவரையே முதல் இரண்டு இடங்களில் வைத்தார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் பிடிப்பாளராக (நம் விக்கெட் காப்பாளர் போல) ஆடிய பருவத்தில் 60 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல) அடித்த ராலியின் பக்கம் இன்னும் மூன்று பேர் மனம் மாறியிருந்தால் விருது கைமாறியிருக்கும்.

வேறு வேறு ஆண்டுகளை ஒப்பிடும்போது புள்ளியை விட்டுவிட்டு ‘ஷெயார்’ என்ற நிரலைப் பாருங்கள். கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளியில் எத்தனை வீதம் என்பதை அது காட்டும். வாக்காளர் தொகை எப்போதும் 30 அல்ல: 2012 அமெரிக்கன் லீக்கில் 28 பேர்தான். அந்த ஆண்டு மிகெல் கப்ரேரா பெற்ற 362 புள்ளி, 392இல் 92 வீதம். ஜட்ஜின் 355 புள்ளி, 420இல் 85 வீதம்தான். புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும்.

அதிகம் பேர் சறுக்குவது ‘வார்’ நிரலில். சாதாரண மாற்று வீரர் ஒருவரைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு அது. சூத்திரத்தைத் திருத்தும்போது பழைய ஆண்டுகளின் எண்ணும் மாறும். வாக்களித்தவர் அன்று பார்த்த எண் அதுவேதான் என்று நினைக்கக்கூடாது. பந்துவீச்சாளர்களின் வாரை, அவர்கள் விட்டுக்கொடுத்த ஓட்டங்களிலிருந்து இத்தளம் கணக்கிடுகிறது. ஃபேன்கிராஃப்ஸ் என்ற இன்னொரு புள்ளிவிவரத் தளமோ ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு), வோக் (நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் இலவசம்), ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து. இரண்டும் ஒத்துப்போகாதபோது ஒன்று பிழை என்று அர்த்தமில்லை.

துடுப்பாட்ட சராசரியிலும் கவனம் தேவை. ஜட்ஜின் .331 என்பது ஓட்ட சராசரி அல்ல. கணக்கில் சேரும் 1000 முறை அடிக்க நின்றால் 331 முறை ஹிட் (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) என்ற விகிதம்.

குறைகளும் உண்டு. எந்தப் பத்திரிகையாளர் யாருக்கு வாக்களித்தார் என்பது இந்த அட்டவணையில் இல்லை. அதற்குப் பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தின் தளத்துக்குத்தான் போகவேண்டும். நிரல்கள் நிறைய இருப்பதால் கைத்தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினாலும் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் பார்க்கலாம். கணினி இருந்தால் அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் போடுவது எவ்வளவோ வசதி.

விருது அறிவிப்பு நவம்பரில், அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை நேரத்தில் வரும். கொழும்பு அப்போது பத்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கும்; மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 5.30. இத்தளத்தாரின் ‘ஸ்டெட்ஹெட்’ என்ற கட்டணத் தேடல் சேவைக்கு டொலர் கட்டவேண்டும். 50 ஹோம் ரன் அடித்தும் எம்விபி கிடைக்காதவர்கள் யார் என்பதுபோலத் தேடுபவர்களுக்கே அது அவசியம்.