போருக்குப் போனவரும் போகாதவரும்

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது 1941 டிசம்பரில். காமிக்ஸ் நாயகன் கேப்டன் அமெரிக்கா அதற்குச் சுமார் ஓராண்டு முன்பே, தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டார். அவரைப் படைத்த ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவருமே யூதர்கள். அந்தக் குத்தில் சொந்தக் கோபமும் உண்டு. மிரட்டல் கடிதங்களும் வந்தன.

சூப்பர்மேன் விஷயம் சிக்கல். அவரைப் போர்முனைக்கு அனுப்பினால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுமே! நிஜத்தில் சாகிற சிப்பாய்க்கு அது கேலியாகப் படாதா? அதனால் நாளிதழ்த் தொடரில் கிளார்க் கென்ட் (சாதாரண மனிதராக வாழும்போது சூப்பர்மேனின் பெயர்) ராணுவக் கண் பரிசோதனையில் தோற்றார்: எக்ஸ்ரே பார்வை சுவரைத் துளைத்து, பக்கத்து அறையின் எழுத்துகளைப் படித்துவிட்டதாம். நல்ல சாக்கு! பிறகு காமிக்ஸ் அட்டைகளில் போர்ப் பத்திரம் (போர்ச் செலவுக்கு அரசு மக்களிடம் கடன் வாங்கும் பத்திரம்) விற்றார். ஜப்பானியரை இழிவுபடுத்தும் வசையோடு வந்த அட்டையும் அதில் உண்டு. இந்த இருவரில் என் ஓட்டு கேப்டன் அமெரிக்காவுக்கே.