சிமுலேட்டரில் மலையகம்: நுவரெலியாவில் தென்னை, தலவாக்கலையில் சரிந்த நீர்த்தேக்கம்

சில வருடங்களாக ஒரே ஃபிளைட் சிமுலேட்டரைத்தான், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டைத்தான், ஓட்டி வருகிறேன். எந்த விளையாட்டு என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும் பிழைகள் பெரும்பாலும் தரவில் இருந்து வருபவை. அதே மாதிரித் தரவைத்தான் பல விளையாட்டுகளும் நம்பியிருக்கின்றன. விமானம் பறக்கும் விதம், காற்று, கருவிகள் எல்லாம் அருமை. அதைப்பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் இருந்து ஓட்டுகிற எனக்குச் சொல்ல இருப்பது கீழே தெரியும் தரையைப் பற்றி.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில காலைகளில் புல்லில் உறைபனி படியும். சிமுலேட்டரிலோ கிரகரி வாவியைச் சுற்றித் தென்னை மரங்கள்! ஏழு பாகை வடக்கு, அதனால் வெப்பமண்டலம், அதனால் தென்னை. உயரத்தை அது பார்க்கவே இல்லை. தேயிலை மலைகளிலும் இதே கூத்துத்தான். செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிவதால் காடு என்று எடுத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கும் மலை முழுவதும் பெரிய மரங்களை நட்டுவிடுகிறது.

கட்டடங்களில் தலைகீழ்க் குழப்பம். மேலிருந்து பார்க்கும் படத்தில் கூரை மட்டும்தான் தெரியும். உயரத்தைக் கணினி ஊகிக்க வேண்டும். லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, நீளமாக, தகரக்கூரையோடு இருப்பதால் அதை மூன்று மாடிக் கட்டடமாக்கிவிட்டது. உண்மையிலேயே பல மாடிகள் கொண்ட தேயிலை பெக்டரி தரையோடு படுத்த களஞ்சியமாகிவிட்டது. தங்கச்சி மகன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "மாமா, நம்ம லயத்துல மாடி கட்டிட்டாங்களா?" என்று கேட்டான். இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். அப்புறம் அவனே திரையில் கோயிலைத் தேடினான். கோபுரம் இல்லை; அந்த இடத்தில் ஓடு வேய்ந்த சாதாரண வீடு ஒன்று நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த பிழை தலவாக்கலையில். மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாகச் சரிந்து கிடக்கிறது. இதற்கு நான் கண்ட விளக்கம் இதுதான். உலகின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு, 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ராடார் மூலம் அளந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியது 2012இல். ராடார் அளந்த நாளில் அங்கே இருந்தது ஆறு ஓடும் பள்ளத்தாக்கு மட்டும். நீர்த்தேக்கத்தின் எல்லையோ பின்னால் வரைந்த வரைபடத்தில் இருந்து வருகிறது. பழைய சரிவின் மேல் புதிய நீரை விரித்தால் நீரும் சரியத்தானே செய்யும்? பிழையாகத் தெரிந்தாலும், அணைக்கு முந்தைய கொத்மலை ஓயாவின் சரிவை எனக்குக் காட்டியது அதுதான். அதனால் அதைத் திருத்திவிடுவார்களோ என்று எனக்குக் கொஞ்சம் கவலைகூட உண்டு.

சிவனொளிபாதமலைக்கு நடந்தது வருத்தமானது. 2,243 மீட்டர் உயரக் கூம்பு, உச்சியில் இடமே குறைவு. இந்தத் தரவில் 30 அல்லது 90 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. கூர்மையான முனை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மழுங்கிப்போகிறது. மஸ்கெலியாப் பக்கம் இருந்து பார்த்தால் அது எங்கள் மலை மாதிரியே இல்லை. செங்குத்தான பள்ளங்களில் ராடார் கதிர் எட்டாத இடங்களும் உண்டு. அங்கே அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து நிரப்புகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்று அழைக்கப்படும் மலை விளிம்பின் செங்குத்து, சிமுலேட்டரில் இறங்கி நடக்கக்கூடிய சரிவாகத் தெரிவதற்கும் இப்படித்தான் ஏதாவது காரணம் இருக்கும்.

ரயில் பாதை இன்னும் வேடிக்கை. ஈரத்துணியைக் கல்லின் மேல் போட்டது போல, தண்டவாளமும் தரையின் மேல் படிந்துவிடுகிறது. தெமோதரையில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவே காணோம். தண்டவாளம் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகச் சுற்றி வரும் பாதை, சிமுலேட்டரில் தன்னைத்தானே சமதளத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. இந்த இரண்டையும் பார்க்கவே பண்டாரவளை, எல்ல பக்கம் தாழப் பறப்பேன்.

இது எங்களுக்கு மட்டும் நடக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020இல் வெளியானபோது லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டடமாகத் தெரிந்தது. மெல்பர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று வானத்தைத் தொட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய வரைபடத்தில் ஒருவர் 2 என்பதற்குப் பதிலாக 212 என்று தட்டியதுதான் காரணம். வரைபடத்தில் அது திருத்தப்பட்ட பிறகும் விளையாட்டுக்குள் இருந்தது பழைய பிரதி.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. அந்த வரைபடத்தில் எங்கள் தோட்டமே வெறும் பச்சைத் திட்டாகத்தான் இருந்தது. லயங்கள், பெக்டரி, பாடசாலை, கோயில் என்று ஒவ்வொன்றாக வரைந்து மாடி எண்ணிக்கையையும் போட்டேன். மாலை வேலைகளில் இதைவிடத் திருப்தியானது எனக்கு வேறில்லை. தோட்டத்தின் மற்றப் பிரிவுகளான அடுத்த டிவிஷன்களுக்கும் இதைச் செய்ய ஆள் வேண்டும். ஒரு கணக்கும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், செல்போனிலேயே செய்யலாம். விளையாட்டு புதிய பிரதியை எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: தரையைப் பறக்கப் பறக்க இணையத்தில் இருந்து இறக்கும் வகை என்றால் டேட்டா கரைந்துவிடும். பறக்கும் பகுதியை முன்னதாகவே இறக்கி வைக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். மலையகத்தைப் பார்க்கக் கடல் விமானத்தை எடுத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்குங்கள். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நிஜத்திலும் அங்கே கடல் விமானங்கள் இறங்கியிருக்கின்றன. தென்னையை மட்டும் வரைபடத்தில் திருத்த முடியாது. அது விளையாட்டின் உள்ளே இருக்கும் காலநிலை வகைப்பாடு. நுவரெலியாவின் உயரத்தையும் உறைபனிப் படங்களையும் சேர்த்து அதை உருவாக்கியவர்களுக்கு எழுதியிருக்கிறேன். கிரகரி வாவிக்கரைக்குச் சைப்பிரஸ் வரும்வரை விடப்போவதில்லை.