500 மீட்டரில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?

கண்காணிப்பும் இலக்கை அடையாளம் காண்பதும்தான் நான் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. பயிற்சிக்கு, தலையில் மாட்டிக் கண்முன் காட்சி பார்க்கும் ஹெட்செட் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது எல்லாரையும் போல முதலில் பார்வைக் கோணத்தைத்தான் பார்த்தேன். இப்போது முதலில் கேட்பது, பார்வையின் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் (திரைப் புள்ளி) என்று.

1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் 500 மீட்டர் தள்ளி நின்றால், கண்ணுக்கு அவர் சுமார் 0.2 டிகிரி உயரம்தான். டிகிரிக்கு 20 பிக்சல் தரும் திரையில் அவர் வெறும் 4 பிக்சல். கையில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா? தெரியாது. அப்படி ஒரு ஹெட்செட்டில் சில வாரம் பயிற்சி நடத்தினோம். அசைகிற புள்ளியெல்லாம் எதிரி என்று பையன்கள் பழகிவிட்டார்கள். சுடக்கூடாத இடத்தில் கையைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தரவேண்டிய பயிற்சி அது. அன்றைக்கே நிறுத்தினேன்.

நல்ல கண்பார்வைக்கு ஈடாக டிகிரிக்கு 60 பிக்சல் வேண்டும். வார்யோ எக்ஸ்ஆர்-3 என்ற ஹெட்செட் நடுப்பகுதியில் 70 தருகிறது. அதில் அந்த ஆள் 14 பிக்சல். தோளில் தொங்குவது என்ன என்று விவாதிக்கவாவது முடிகிறது. ஆனால் அந்தக் கூர்மை நடுவிலுள்ள 27 டிகிரிக்கு மட்டும்தான். மொத்தக் கோணம் 115 டிகிரி. ஓரங்களில் சுமார் 30 பிக்சல். கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, தலையையும் திருப்பவேண்டும். தொலைநோக்கியோடு பழகிய கண்காணிப்பாளருக்கு அது பெரிய குறையில்லை. பட்டையோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை என்பதால் விமானி இருக்கைக்குச் சரி, ஓடிப் பதுங்கும் பயிற்சிக்கு வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட் வேறு வகை. கண்ணாடி வழியே நிஜ உலகம் அப்படியே தெரியும். அதன்மேல் ஒளியைச் சேர்க்க மட்டுமே அதனால் முடியும். கறுப்பைக் காட்ட முடியாது, வெயிலில் உருவங்கள் ஆவிபோல வெளிறிவிடும். பார்வைக் கோணம் மூலைவிட்டத்தில் 52 டிகிரிதான். இயந்திரம் பழுதுபார்க்கக் கற்பதற்கும் மேசைமேல் நிலப்பரப்பை விரித்துத் திட்டம் பேசுவதற்கும் அருமை. சுவருக்குப் பின்னிருந்து எதிரி வரும் காட்சிக்கு உதவாது.

அப்புறம் குறிபார்த்தல். இதை வாங்குபவர்கள் யோசிப்பதே இல்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தால் ஹெட்செட் இடிக்கும். அதைவிட முக்கியம், பெரும்பாலான ஹெட்செட்டுகளில் கண் குவியும் தூரம் ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கிமேல் குறிபார்க்க உள்ள பின்குறி, முன்குறி, தூரத்து இலக்கு மூன்றும் ஒரே தெளிவில் தெரியும். முன்குறியில் கண்ணை நிறுத்து, இலக்கு மங்கட்டும் என்று தொண்டை வறளச் சொல்லித்தருகிறோமே, அதை இங்கே பழக வழியே இல்லை. துப்பாக்கிப் பயிற்சிக்கு நான் இன்னமும் பெரிய புரொஜெக்டர் திரையும் நிஜ எடையுள்ள ஆயுதமும்தான் கேட்கிறேன்.

டெமோவுக்குப் போகும்போது உங்கள் ஹெல்மெட்டையும் பயிற்சித் துப்பாக்கியையும் எடுத்துப்போங்கள். விற்பனையாளரின் பளபள காட்சி வேண்டாம். 500 மீட்டரில் இரண்டு பேரை நிறுத்தி, ஒருவர் கையில் மண்வெட்டி கொடுக்கச் சொல்லுங்கள்.