நிலத்தடிக் குளிரூட்டலா, இன்வெர்ட்டர் ஏசியா?

மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. நிலத்தடி முறை என்றால், மண்ணில் புதைத்த குழாயில் நீரை ஓடவிட்டு, வீட்டு வெப்பத்தை மண்ணில் இறக்குவது. (மகா ஓயா வெந்நீரூற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே மண் வெப்பத்தைக் கொட்டும் தொட்டி மட்டும்தான்.)

செலவு: ஏசியை ஒரே நாளில் பூட்டலாம். மற்றதற்கு நிலத்தைத் துளையிடவே பெருங்காசு.

எவ்வளவு காலம் உழைக்கும்: உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியை அரித்துவிடும். புதைத்த பிளாஸ்டிக் குழாய் 50 ஆண்டு கூடத் தாங்கும்.

கரண்ட் பில்: குளிர்நாட்டு மண் 10 பாகையை ஒட்டியது, கோடைக்குக் குளிர்ச்சி, பனிக்குச் சூடு, இரண்டும் தரும். நம் மண்ணோ 28 பாகையை ஒட்டி நிற்கும். வீட்டைச் சூடாக்கும் தேவையும் நமக்கில்லை. வருடம் முழுக்க வெப்பத்தையே இறக்கினால் மண்ணும் சூடேறும், மிச்சம் குறையும்.

ஓரிரு அறைக்குத் துருத்தடுப்புப் பூச்சுள்ள ஏசியே போதும். குளிர்ச்சியோடு சுடுநீரும் ஓயாமல் வேண்டிய பாசிக்குடா ஹோட்டல் என்றால், வெளியேற்றும் வெப்பத்திலேயே நீரைச் சுடவைக்கலாம் என்பதால், நிலத்தடி முறையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.