முதல் மென்பவளம்: ஜீனியாவா, காளானா, ஜோவாவா, லெதரா?

புதிய கடல்நீர் தொட்டியில் நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, பழுப்புப் பாசியும் ஒரு சுற்று வந்து போனபின், முதல் பவளம் எது என்ற யோசனை தொடங்கும். நான் அலசியவை ஐந்து: கிரீன் ஸ்டார் பாலிப், ஜீனியா, காளான் பவளம், ஜோவா, டோட்ஸ்டூல் லெதர். கடைசியில் வாங்கியது லெதர். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

பராமரிப்பில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி, அல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) டிகேஹெச் என்ற அளவில் 8 அல்லது 9 என்று நிலையாக இருந்தால் ஐந்துக்கும் போதும். கல் பவளங்களைப் போலச் சுண்ணாம்புக் கூடு கட்டாததால் கால்சியம் தனியாக ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது; ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே சரியாகிவிடும். நைட்ரேட் என்ற சத்து 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) வரை இருந்தால் அவற்றுக்கு நல்லதுதான். வடிகட்டி வடிகட்டித் தண்ணீரைச் சத்தே இல்லாமல் ஆக்கினால்தான் வாடும்.

எல்லாமே ஓரளவு தாக்குப்பிடிக்கும் வகைகள் என்பதால், எது சாகாது என்று கேட்பதில் அதிகப் பயனில்லை. ஒரு வருடம் கழித்து இது வேண்டாம் என்று தோன்றினால் முழுதாக வெளியே எடுக்க முடியுமா? நான் முடிவெடுத்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

கிரீன் ஸ்டார் பாலிப் இதில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. ஊதா நிறத்தில் ஒரு தோல் படர்ந்து, அதிலிருந்து பச்சைப் பாலிப்கள் (பூப்போன்ற சிறு உயிர்கள்) எழும். நீரோட்டத்தில் புல்தரை காற்றில் அசைவது போல அசையும்போது அழகுதான். ஆனால் அந்தத் தோல் கல், கண்ணாடி, மோட்டார் எதையும் விடாது. உரித்தெடுத்தாலும், இடுக்கில் ஒரு துணுக்கு மிஞ்சினால் அங்கிருந்து மறுபடி கிளம்பும். பின்பக்கக் கண்ணாடி முழுக்க அது மட்டும் போதும் என்று தீர்மானித்தவர்களுக்கு நல்ல தேர்வு. மற்றவர்கள் மணலின் நடுவே தனிக்கல்லில் வைத்து, ஓரத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜீனியாவை நான் வளர்த்ததில்லை, நண்பர்களின் தொட்டியில் பார்த்ததோடு சரி. கை விரிந்து மூடுவது போல இடைவிடாமல் துடிக்கும் அந்த அசைவுக்காகவே பலர் வாங்குகிறார்கள். செங்கடலில் ஜீனியாவின் நெருங்கிய உறவான ஹெட்டரோஜீனியாவை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. துடிப்பு சுற்றியுள்ள நீரைக் கலக்கி, தேங்கும் ஆக்சிஜனை அகற்றுவதால் உள்ளே வாழும் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்று அது காட்டியது. சுவாரசியமான உயிர்தான். ஆனால் பக்கத்துக் கல்லில் ஒரு கிளையை ஊன்றி அப்படியே நகர்ந்துவிடும், பிடுங்கினால் அடியில் மிஞ்சியது முளைக்கும். சில தொட்டிகளில் இதற்கு நேரெதிராக, காரணமே பிடிபடாமல் கூட்டமாகக் கரைந்தும் போகிறது.

காளான் பவளம், அதாவது டிஸ்கோசோமா வகை, மிகக் குறைந்த வெளிச்சத்திலும் மெதுவான ஓட்டத்திலும் வாழும். வேறெதுவும் பிழைக்காத இருண்ட மூலைக்கு இதை விட்டால் ஆளில்லை. (வகைப்பாட்டின்படி இது மென்பவளமே இல்லை, கல் பவளங்களுக்குத்தான் நெருக்கம். வளர்ப்பவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.) அகற்றுவது என்று வந்தால் சங்கடம்தான். வெட்டினால் இரண்டாகும், சுரண்டினால் அடிப்பாகத் துணுக்கிலிருந்து புதிது வரும். சில நேரம் தானே கழன்று மிதந்து போய் வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: யானைக்காது என்று விற்கப்படும் பெரிய இனம் சிறு மீன்களை மூடி விழுங்கக்கூடியது.

சிறு பூப்போன்ற பாலிப்களாகப் பரவும் ஜோவாவை நிறத்தில் யாராலும் மிஞ்ச முடியாது. ஆனால் இங்கே அகற்றுவதே ஆபத்தான வேலை. ஜோவாவின் உறவான பாலித்தோவாவிலிருந்து பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சை 1971-இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். எல்லா ஜோவாவிலும் அது இருக்காது. எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால் கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் இல்லாமல் வெட்டவே கூடாது. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீரில் போட்டு, அந்த ஆவியால் வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. குழந்தைகள் கையை உள்ளே விடும் தொட்டி என்றால் நான் யோசிப்பேன்.

இப்போது லெதர், அதாவது சார்கோஃபைட்டான். தடித்த ஒரே தண்டு, மேலே குடை. ஒரு கல்லில் வைத்தால் அந்தக் கல்லிலேயே நிற்கும், கல்லைத் தூக்கினால் பவளமும் கூடவே வரும். எப்போதாவது அடியில் ஒரு குட்டி முளைக்கும். அது அவசரமில்லாத வளர்ச்சி, பார்த்து எடுக்க நேரம் இருக்கும். பெரிதாகிவிட்டால் கூரிய பிளேடால் குடையை வெட்டலாம், மிஞ்சிய தண்டு புதிய குடை விடும். வெட்டிய துண்டு வழவழப்பாக இருப்பதால் பசை பிடிக்காது. சிறு கல்லோடு வைத்து வலைத்துணியால் தளர்வாகக் கட்டினால் தானே ஒட்டிக்கொள்ளும். வெட்டுவதை மட்டும் தொட்டிக்கு வெளியே தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள், அதன் சளி தண்ணீரில் கலக்க வேண்டாம்.

குறையும் சொல்ல வேண்டும். அவ்வப்போது பாலிப்களை உள்ளிழுத்துக்கொண்டு, மேலே மெழுகுபோல ஒரு படலம் கட்டி, நாட்கணக்கில் செத்ததுபோல் நிற்கும். அது தோல் உரிக்கிறது. நீரோட்டம் நன்றாகப் பட்டால் படலம் கழன்று போய்விடும், மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். இதைவிடப் பெரிய விஷயம், இது டெர்பீன் வகை வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விட்டு அண்டை வீட்டாரோடு சண்டை போடும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மாதம் ஒருமுறையாவது மாற்றுவது நல்லது. பிற்காலத்தில் அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள்தான் இலக்கு என்றால் லெதர் இடைஞ்சல்தான். ஆனால் அப்போதும் கல்லோடு எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதே என்னைச் சமாதானப்படுத்தியது.

விரல் லெதரான சினுலேரியாவும் இதே போக்குதான் என்கிறார்கள். என் அனுபவம் டோட்ஸ்டூலோடு நிற்கிறது. கென்யா ட்ரீ என்ற மரம்போல் கிளைக்கும் மென்பவளத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கிளைகளை உதிர்த்து, விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

வாங்கும்போது தனிக்கல்லில் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டியின் நடு உயரத்தில், மிதமான ஓட்டத்தில், முக்கியப் பாறையோடு பசை போட்டு ஒட்டாமல் வையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள், குடை விரிந்தால் கீழே இருப்பவற்றுக்கு நிழல் விழும். மிகச் சிறிய தொட்டி என்றால் அந்த அளவுக்கு இடமே இருக்காது. அங்கே மணல் நடுவே ஒரு தனிக்கல்லில் காளான் பவளம் வைப்பதே நடைமுறை.